வெட்டி ஒட்டிய பக்கம்

லட்லோ அருகே, ஷ்ராப்ஷயர்
14 ஜனவரி 1941

திரு. பாஸ்கோ அவர்களுக்கு,

ஜெர்மன் விமானங்கள் போட்ட குண்டில் லண்டனில் உங்கள் தெருவே எரிந்துபோனதாகப் பத்திரிகையில் படித்தேன். உங்கள் ஆட்கள் யாருக்கும் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று லட்லோவில் புத்தகக் கடை வைத்திருக்கும் ப்ரீஸ் சொன்னார். அதில் எனக்கு நிம்மதிதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்கு மேல் நான் எழுதப் போவது எதுவும் உங்களுக்கு இனிக்காது.

1911-ல் உங்கள் வெதரால் அண்டு பாஸ்கோ நிறுவனம் 'காய்கறித் தோட்டத்தின் பன்னிரண்டு மாதம்' என்ற புத்தகத்தை வெளியிட்டது. தலைப்புப் பக்கத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன: எமில் ராப், ஆலிவ் ராப். 1915-ல் என் கணவரை ஜெர்மன்காரர் என்று பிடித்துப் போய் மேன் தீவு முகாமில் அடைத்தார்கள். அடுத்த வருஷம் நீங்கள் எனக்கு ஒரு கடிதம் எழுதினீர்கள். தைக்காமல் கிடந்த பிரதிகளிலெல்லாம் தலைப்புப் பக்கத்தைக் கத்தியால் வெட்டி எடுத்துவிட்டு, என் பெயரை மட்டும், அதுவும் என் தகப்பனார் வீட்டுப் பெயரோடு, புதுப் பக்கமாக அச்சடித்து ஒட்டப் போவதாகச் சொன்னீர்கள். போர் முடிந்ததும் பழையபடி ஆகிவிடும் என்றீர்கள். அந்தக் கடிதம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. கையெழுத்து உங்களுடையது.

போர் முடிந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. நான் கேட்கும்போதெல்லாம், "பழைய பிரதிகள் இன்னும் கொஞ்சம் மீதி இருக்கின்றன, அவை தீரட்டும், புதுப் பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம்" என்றே பெரும்பாலும் பதில் வந்தது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றால், "விற்பனையில் இருக்கும் புத்தகத்தை ஒப்பந்தப்படி திருப்பித் தர முடியாது" என்றீர்கள். நாற்பது பிரதிகளைக் கிடங்கில் போட்டுவைத்து இத்தனை காலம் என்னை ஓட்டினீர்கள்.

அந்த நாற்பதும் இப்போது எரிந்துவிட்டன. ஆகவே ஒப்பந்தத்தின் பதினோராவது பிரிவின்படி இதை நோட்டீஸாக எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகம் கையிருப்பில் இல்லை. இன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் நீங்கள் மறுபடி அச்சிட்டு வெளியிடாவிட்டால் எல்லா உரிமையும் எனக்கு வந்துவிடும். சாப்பாட்டுத் தட்டுப்பாட்டால் ஊரே புல்வெளியைக் கொத்திக் கிழங்கு போடுகிற வருஷம் இது. லண்டனில் ஒரு பெரிய பதிப்பகம் ஏற்கெனவே எனக்கு எழுதிக் கேட்டிருக்கிறது.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், உங்களுக்கே தெரியும். எமிலின் பெயர் அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும். அதை யார் போடுகிறார்களோ அவர்களுக்குப் புத்தகம்.

ஆலிவ் கார்ஃபீல்ட்

*

ஹிட்ச்சின்
20 ஜனவரி 1941

அன்புள்ள திருமதி கார்ஃபீல்ட்,

உங்கள் கடிதம் எங்கள் புது முகவரிக்குச் சுற்றி வந்து சேர்ந்தது. புது முகவரி என்பது இந்த ஊரில் பீர் காய்ச்ச மால்ட் அடுக்கிவைத்த ஒரு பழைய கிடங்கின் மாடி. ஆறு பேர், மூன்று மேஜை, ஒரு தட்டச்சு இயந்திரம். நூற்றைம்பது வருஷக் கம்பெனி இப்போது இவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி யாராவது உங்களிடம் கதை கதையாகச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துமஸ் வாரக்கடைசி என்று தெருவிலிருந்த எல்லாரையும்போல நாங்களும் கிடங்கை இரட்டைப் பூட்டுப் போட்டுப் பூட்டிவிட்டு ஊருக்குப் போயிருந்தோம். கூரையில் விழுந்த நெருப்புக் குண்டு ஒரு வாளி மணலில் அணையக்கூடியது. மணல் வாளி உள்ளே வரிசையாக இருந்தது. தீயணைப்புக்காரர்கள் கதவை உடைத்து உள்ளே போவதற்குள் மூன்றாம் மாடி பிடித்துக்கொண்டது. சாவி என் கோட்டுப் பையில், இங்கே ஹிட்ச்சினில், என் மைத்துனன் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. திருட்டுக்குப் பயந்து நூற்றைம்பது வருஷம் பூட்டிப் பழகிவிட்டோம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். புத்தகம் கையிருப்பில் இல்லை என்று நீங்கள் முடிவு கட்டியது அவசரம். உங்கள் புத்தகத்தின் தைக்காத அச்சுத் தாள்கள், அந்த ஃபாரங்கள், நவம்பரிலேயே செயின்ட் ஆல்பன்ஸில் இருக்கும் பைண்டருக்குப் போய்விட்டன. தற்சமயம் பைண்டிங்கில் இருக்கின்றன. ஆகவே பதினோராவது பிரிவு இங்கே பொருந்தாது.

பெயர் பற்றிய உங்கள் மனக்குறையை நான் மறக்கவில்லை. காலம் தெளியட்டும், பேசுவோம்.

லயனல் பாஸ்கோ

*

லட்லோ அருகே
3 பிப்ரவரி 1941

திரு. பாஸ்கோ,

எனக்குக் காது குத்தி வெகு நாளாயிற்று, நீங்கள் சிரமப்பட வேண்டாம்.

உங்கள் கடிதம் வந்த அன்றே ப்ரீஸ் கடைக்குப் போய், என் புத்தகத்தையே நான் காசு கொடுத்து வாங்குவதாக ஆர்டர் கொடுத்தேன். பத்து நாளில் உங்கள் அலுவலகத்திலிருந்து சீட்டு வந்தது. அதில் ஒரே சொல்: 'பைண்டிங்'. ப்ரீஸ் அதைக் கண்ணாடியை ஏற்றி ஏற்றிப் பார்த்தார்.

"அம்மா, பைண்டிங்னு போட்டிருக்காங்க. முப்பது வருஷமா கடை வெச்சிருக்கேன், பைண்டிங்னு சொன்ன புஸ்தகம் ஒண்ணாவது வந்து சேர்ந்ததா எனக்கு ஞாபகம் இல்ல" என்றார்.

"அப்படின்னா?"

"அப்படின்னா இல்லன்னு அர்த்தம். இல்லன்னு எழுதிட்டா புஸ்தகத்தை எழுதினவங்க புடுங்கிட்டுப் போயிடுவாங்க இல்லியா, அதான். செத்துப் போச்சுன்னு சொல்லாம தூங்குதுன்னு சொல்றாங்க."

செயின்ட் ஆல்பன்ஸில் எத்தனை பைண்டர்கள் இருக்கிறார்கள்? இருவர். இரண்டு பேருக்கும் எழுதினேன். ஒருவர் உங்களைக் கேள்விப்பட்டதே இல்லை. மற்றவர் 1938-க்குப் பிறகு உங்களிடமிருந்து ஒரு தாளைக்கூடப் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறார். அந்தக் கடிதத்தை வக்கீலிடம் கொடுப்பேனா, உங்களுக்கே அனுப்புவேனா என்பது நீங்கள் அடுத்து என்ன எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

நான் ஏன் இவ்வளவு கொதிக்கிறேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். 1919-ல் எமிலை ஜெர்மனிக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். நான் கூடப் போகவில்லை. அதற்கு நான் எனக்கே சொல்லிவைத்திருக்கும் காரணங்கள் நிறைய, உங்களுக்கு அவை வேண்டாம். கிளம்புவதற்கு முன் லண்டனில் அரை மணி நேரம் பார்க்க விட்டார்கள். "புஸ்தகத்துல பேரு மறுபடி போட்டாச்சா?" என்று கேட்டார். "போட்டாச்சு" என்று சொன்னேன். உங்கள் வாக்கை நம்பி, ஒரு மாதம் முன்கூட்டியே சொல்லுகிறோம் என்று நினைத்துக்கொண்டு சொன்னேன்.

உல்ம் நகரிலிருந்து எழுதினார். ஒரு பிரதி அனுப்பு, இங்கே யாரும் நம்பமாட்டேன் என்கிறார்கள் என்று எழுதினார். நான் உங்களைக் கேட்டேன். நீங்கள் பைண்டிங் என்றீர்கள். நானும் அவருக்குப் பைண்டிங் என்று எழுதினேன். அடுத்த வருஷமும் கேட்டார். பைண்டிங். உங்களிடம் கற்றுக்கொண்ட சொல்லை வைத்துப் பதினைந்து வருஷம் என் புருஷனை ஏமாற்றினேன். 1934 மார்ச்சில் அவர் இறந்துபோனார். கடைசிக் கடிதத்திலும் கேட்டிருந்தார், கோபமாகக்கூட இல்லை.

ஆகவே இனி அந்தச் சொல்லை எனக்கு எழுதாதீர்கள்.

ஆ. கார்ஃபீல்ட்

*

ஹிட்ச்சின்
10 பிப்ரவரி 1941

அன்புள்ள திருமதி கார்ஃபீல்ட்,

பைண்டரிடம் ஒன்றும் இல்லை. ஃபாரங்கள் எல்லாம் எரிந்துவிட்டன. நான் பொய் சொன்னேன். எங்கள் தொழிலில் இந்தப் பொய்யை யாரும் பொய் என்று நினைப்பதில்லை, அது என்னைக் காப்பாற்றாது என்பதும் தெரியும். திரு. ராப் இறந்தது எனக்குத் தெரியாது. வருந்துகிறேன்.

இனி ஒளிவுமறைவு இல்லாமல் எழுதுகிறேன். உங்கள் புத்தகத்தின் அச்சுத் தகடுகள் போன போரிலேயே ஈயத்துக்காக உருக்கப்பட்டுவிட்டன. வெளியிட்ட ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதியை அலுவலகத்தை விட்டு வெளியே விடாமல் வைத்திருப்பது எங்கள் வழக்கம். அந்த அலமாரியும் சாம்பல். அதாவது உங்கள் புத்தகத்தை மறுபடி அச்சுக்கோக்க என்னிடம் மூலமே கிடையாது. உங்களிடம் இருப்பதாக நினைக்கிறேன். என்னை எதிர்த்து நோட்டீஸ் கொடுத்தவரிடமே, அந்த நோட்டீஸைத் தோற்கடிப்பதற்குப் புத்தகம் இரவல் கேட்கிற நிலைமையில் இருக்கிறேன். சிரிப்பதானால் சிரியுங்கள்.

காகிதம் இன்னொரு தலைவலி. போருக்கு முந்தைய வருஷம் எவ்வளவு வாங்கினோமோ அதில் ஒரு பங்குதான் ரேஷன். அந்த வருஷம் எங்களுக்கு மந்தமான வருஷம். இந்தத் தவணைக்கு வருவதில் ஒரே ஒரு புத்தகம் போடலாம். அது என்ன புத்தகம் என்பது போன வருஷமே முடிவாகிவிட்டது: எங்கள் நிறுவனத்தின் நூற்றைம்பது வருஷ வரலாறு. எழுதியது நான். கையெழுத்துப் பிரதி வீட்டில் இருந்ததால் பிழைத்தது.

என் கூட்டாளி ரூபர்ட் வெதராலிடம் உங்கள் புத்தகத்தைப் பற்றிப் பேசினேன்.

"லயனல், உனக்குப் புத்தி கித்தி பேதலிச்சுப் போச்சா? நூத்தம்பது வருஷம் இன்னொரு தடவை வருமா?" என்றார்.

"அந்த வரலாற்றை யார் வாங்கப் போறாங்க? நம்ம ரெண்டு பேர் பொண்டாட்டிங்க. இது கிழங்கு போடுற புஸ்தகம், லட்சம் பேர் தேடுறாங்க" என்றேன்.

"சரி, போடு. ஆனா அந்த ஜெர்மன்காரன் பேரு வரக் கூடாது. லண்டன்ல நேத்திக்கும் குண்டு விழுந்திருக்கு. அந்தப் பேரைப் போட்டு ஒரு கடைக்காரன் கையில குடுத்துப் பாரு, உன் மூஞ்சியிலேயே எறிவான்."

அவர் சொல்வது முழுக்கத் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. நீங்களும் பத்திரிகை படிக்கிறீர்கள். புத்தகத்தை இப்போது உங்கள் பெயரில் போடுவோம். பெயரை அப்புறம் சேர்ப்போம். எழுத்துமூலமாக உறுதி தருகிறேன்.

லயனல் பாஸ்கோ

*

லட்லோ அருகே
17 பிப்ரவரி 1941

திரு. பாஸ்கோ,

எழுத்துமூலமான உறுதி ஒன்று ஏற்கெனவே என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. இன்னொன்றுக்கு அங்கே இடமில்லை.

உண்மையைச் சொன்னதற்கு நன்றி. பதிலுக்கு நானும் ஒன்று சொல்கிறேன், சொல்லாமல் விட்டால் எனக்குத்தான் லாபம். அந்தப் பெரிய பதிப்பகத்திலிருந்து ஒரு கனவான் ரயிலேறி வந்து என் சமையலறையில் உட்கார்ந்து டீ குடித்தார். இருபதாயிரம் பிரதி போடுகிறார்களாம். படங்கள் புதிதாக வரைகிறார்களாம். எமிலின் பெயரைச் சொன்னதும் கோப்பையைக் கீழே வைத்தார். "மேடம், இந்தச் சமயத்துல அது வேணாமே. போர் முடியட்டும்" என்றார். உங்களுக்கெல்லாம் ஒரே பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தார்களா?

ஆகவே இருபதாயிரத்தை நான் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மூட்டை கட்டிக்கொண்டு அவர் போன பிறகு எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது. எனக்கு அறுபத்திரண்டு வயது.

என்னிடம் 1911-ஆம் வருஷப் பிரதி ஒன்று இருக்கிறது. வெட்டப்படாதது. ஓரங்களிலெல்லாம் எமில் பென்சிலால் திருத்தியிருக்கிறார்: எந்த அவரை விதை நம் மண்ணுக்கு ஆகவில்லை, எந்த மாதத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று. முகாமுக்குப் போகும்வரை திருத்திக்கொண்டே இருந்தார். இதை நான் உல்முக்கு அனுப்பவில்லை, அனுப்பியிருந்தால் புதுப் பிரதி என்று ஒன்று இல்லை என்பது அவருக்குத் தெரிந்துபோயிருக்கும். இப்போது போட்டால் அந்தத் திருத்தங்களோடுதான் போட வேண்டும்.

அது உங்களுக்கு வரும். எப்போது வரும் என்றால், இரண்டு பெயரோடு தலைப்புப் பக்கத்தின் ப்ரூஃபை நான் என் கண்ணால் பார்த்த பிறகு. வாக்குறுதியைப் பார்த்து அல்ல, அச்சைப் பார்த்து. நோட்டீஸ் கெடு ஜூலை பதினாலு.

ஆ. கார்ஃபீல்ட்

*

ஹிட்ச்சின்
6 மார்ச் 1941

அன்புள்ள திருமதி கார்ஃபீல்ட்,

ப்ரூஃப் இத்துடன் இருக்கிறது. எமில் ராப் மேலே, ஆலிவ் ராப் கீழே, 1911-ல் இருந்த அதே வரிசை. எழுத்து மட்டும் வேறு, பழைய எழுத்து இப்போது கிடைப்பதில்லை.

ரூபர்ட் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் வந்து, "உன் வரலாற்றைத் தூக்கிப் பரண்ல போடுறதானா எனக்கென்ன, போடு. ஆனா இது கவுந்துச்சுன்னா என் பங்கை நான் வித்துட்டுப் போயிடுவேன். வாங்க ஆள் காத்துக்கிட்டிருக்கான்" என்றார். யார் காத்திருக்கிறார்கள் என்று நீங்கள் ஊகிக்கலாம். உங்கள் வீட்டில் டீ குடித்தவர்கள்தான். எங்கள் பெயரோ புத்தகங்களோ அவர்களுக்கு வேண்டியதில்லை, எங்கள் காகித ரேஷன் வேண்டும். இப்போதெல்லாம் பதிப்பகத்தை வாங்குவது அதற்காகத்தான்.

வரலாற்றின் காகிதம் முழுவதும் உங்களுக்கு. ஆறாயிரம் பிரதி. எங்களிடம் இருக்கும் எல்லாமே இந்த ஒரு புத்தகத்தின் மேல்தான் நிற்கிறது, அதை நீங்கள் தெரிந்துகொண்டே பிரதியை அனுப்ப வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ரயிலில் கொடுத்தனுப்பாதீர்கள்.

லயனல் பாஸ்கோ

*

லட்லோ அருகே
10 மார்ச் 1941

திரு. பாஸ்கோ,

அனுப்பிவிட்டேன். தபால்காரர் கையெழுத்து வாங்கிய பிறகும் நான் பொட்டலத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். "என்னம்மா, நகையா?" என்று கேட்டார்.

ப்ரூஃபைத் திருப்பித் தர மாட்டேன்.

ஆ. கார்ஃபீல்ட்

*

ஹிட்ச்சின்
11 ஜூன் 1941

அன்புள்ள திருமதி கார்ஃபீல்ட்,

புத்தகம் அச்சாகிவிட்டது. நீங்கள் பார்த்துச் சந்தோஷப்படும்படி இருக்கிறது. போர்க்காலக் காகிதம், அதனால் சாம்பல் நிறம், பின்பக்க எழுத்து கொஞ்சம் முன்னால் தெரிகிறது. எமிலின் திருத்தங்கள் எல்லாமே சேர்ந்துவிட்டன.

இனி வருவதை எப்படி எழுதுவது என்று இரண்டு காகிதத்தை வீணாக்கிவிட்டேன். இந்தக் காலத்தில் அதுவே குற்றம்.

ரயில் நிலையங்களில் கடைகள் வைத்திருக்கும் ஒரு நிறுவனம் நாலாயிரம் பிரதிகளுக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. ஆறாயிரத்தில் நாலாயிரம். அவர்களுடைய கொள்முதல் அதிகாரிக்கு முன்கூட்டி ஒரு பிரதி அனுப்பினோம். நேற்று தொலைபேசியில் கூப்பிட்டார்.

"பாஸ்கோ, புஸ்தகம் பிரமாதம். என் வீட்டம்மாவே எடுத்து வெச்சுக்கிட்டா. ஆனா இந்த முதல் பக்கத்தை வெச்சுக்கிட்டு நான் எப்படிக் கடையில அடுக்குறது? பட்டாளத்துக்குப் போற பசங்க தினம் பிளாட்ஃபாரத்துல நிக்கறாங்கய்யா. பக்கத்தை மாத்திக் குடு, நாளைக்கே எடுத்துக்கறேன்."

பக்கத்தை மாற்றுவது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தைத்தது ஆயிரத்தைந்நூறு மட்டும். மீதி ஃபாரமாகவே இருக்கிறது. ஒட்டுகிற பெண்கள் ஒரு வாரத்தில் முடித்துவிடுவார்கள்.

நாலாயிரம் போய்விட்டால் இந்த மாடியை மூட வேண்டியதுதான். ரூபர்ட் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். 1791-ல் தொடங்கியதை நான் மூடுகிறவனாக இருக்க வேண்டுமா? ஆயிரத்தைந்நூறில் அவர் பெயர் இருக்கட்டும். அவற்றை நூலகங்களுக்கு அனுப்புவோம், யாரும் அழிக்க முடியாது. மீதியில் மட்டும் உங்கள் பெயர்.

உங்கள் சம்மதம் இல்லாமல் தொடமாட்டேன். படிவம் இத்துடன் இருக்கிறது. 1916-ல் அனுப்பியதைப் போன்றதுதான். வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன். கையெழுத்துப் போட்டு மறு தபாலில் அனுப்புங்கள்.

லயனல் பாஸ்கோ

*

லட்லோ அருகே
14 ஜூன் 1941

திரு. பாஸ்கோ,

காகிதத் தட்டுப்பாடு என்பதால் உங்கள் படிவத்தின் பின்பக்கத்திலேயே எழுதுகிறேன். முன்பக்கத்தில் கையெழுத்து இல்லை, திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டாம்.

மறு தபாலில் அனுப்பச் சொன்னீர்கள். இரண்டு நாள் ஆகிவிட்டது. அந்த இரண்டு நாளும் நான் உங்களைத் திட்டிக்கொண்டிருக்கவில்லை. கையெழுத்துப் போடலாமா என்றுதான் யோசித்தேன். ஆறு பேருடைய பிழைப்பு என்பது எனக்குத் தெரியாதா? அந்த ஒட்டுகிற பெண்களும் சேர்த்து.

போன முறை நான் யோசிக்கவே இல்லை. இருபத்தைந்து வருஷமாக உங்களைத்தான் குற்றம் சொல்லி வந்திருக்கிறேன். உங்களுக்கு நினைவிருக்கும், என் கையெழுத்து எவ்வளவு சீக்கிரம் வந்தது என்று. தபால்காரர் படிவத்தைக் கொடுத்தபோது அடுப்பில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. அது வேகுமுன் கையெழுத்துப் போட்டு, அவர் அடுத்த வீட்டுக்குப் போய்த் திரும்பி வரும் வழியில் அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். அந்த மாதம்தான் ஊரில் எங்கள் வீட்டு ஜன்னலில் கல்லெறிந்திருந்தார்கள். ராப் என்ற பெயர் எனக்குக் கூசியது. அதை யாராவது எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று இருந்தது. நீங்கள் புத்தகத்திலிருந்து எடுத்தீர்கள், நான் வீட்டு வாசலிலிருந்தும் எடுத்தேன்.

எமிலுக்கு எழுதும்போது, என்னைக் கேட்காமலே கம்பெனிக்காரர்கள் செய்துவிட்டார்கள் என்று எழுதினேன். "விடு, நீ என்ன செய்வாய்" என்று பதில் எழுதினார். என்னைச் சமாதானப்படுத்தினார், முகாமில் இருந்துகொண்டு.

முடியாது, திரு. பாஸ்கோ. உங்கள் கம்பெனி போய்விடும் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். எனக்கு அதில் எந்தத் திருப்தியும் இல்லை. போன முறையைப் போலவே நீங்கள் இந்த முறையும் என்னைக் கேட்டுவிட்டே செய்கிறீர்கள், அதற்கு நன்றி. கேட்டதற்கு என் பதில் இது.

ஆ. கார்ஃபீல்ட்

*

ஹிட்ச்சின்
2 ஆகஸ்ட் 1941

அன்புள்ள திருமதி கார்ஃபீல்ட்,

ஏழு வாரம் பதில் எழுதாததற்குக் காரணம் வேலை இல்லை. கோபம். அதைச் சொல்லாமல் பூசி மெழுகினால் நாம் மறுபடி பழைய கதைக்கே போய்விடுவோம். நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். ஒட்டுகிற பெண்களிடம் திங்கட்கிழமை வரச் சொல்லிவைத்திருந்தேன். புதுப் பக்கத்தை அச்சுக்கோத்து முடித்தும் ஆயிற்று. உங்கள் பதிலைப் படித்துவிட்டுக் கோத்ததை நானே கலைத்தேன். அப்போது உங்களைப் பற்றி நல்ல வார்த்தை எதுவும் என் வாயில் வரவில்லை.

நாலாயிரம் போயிற்று. ரூபர்ட் தன் பங்கை விற்றுவிட்டார். ஒரு வாரம் கழித்து என்னுடையதையும் விற்க வேண்டியதாயிற்று. செப்டம்பர் ஒன்றாம் தேதியிலிருந்து எங்கள் காகிதம் அவர்களுக்கு. எங்கள் பெயரைப் புத்தகத்தின் அடியில் சின்ன எழுத்தில் கொஞ்ச நாள் வைத்திருப்பார்களாம். எனக்கு அங்கே ஒரு மேஜை தருகிறார்கள். ஒப்புக்கொண்டேன், ஐம்பத்திரண்டு வயதில் வேறென்ன செய்ய.

உங்கள் புத்தகத்தை அவர்கள் விலைக்கு எடுக்கவில்லை. அந்தப் பக்கம் இருக்கிறவரை வேண்டாமாம். ஆகவே அச்சடித்த ஆறாயிரமும் இந்த மாடியிலேயே தங்கிவிட்டது, உரிமையை உங்களுக்கே விட்டுக்கொடுக்கிறேன். நேரடியாக எழுதிக் கேட்பவர்களுக்குத் தபாலில் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். மாதர் சங்கங்கள், பள்ளிகள், ஒரு பாதிரியார் தன் கல்லறைத் தோட்டத்தில் வெங்காயம் போடப் போகிறாராம். இதுவரை ஆயிரத்துச் சொச்சம் போயிருக்கிறது. யாரும் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. ரூபர்ட்டும் கொள்முதல் அதிகாரியும் நானும் பயந்த அளவுக்கு ஜனங்கள் பயப்படவில்லை என்று தோன்றுகிறது. இது தெரிய வர ஏழு வாரம் பிந்திவிட்டது.

கை சும்மா இருப்பதால் அந்த வரலாற்றை எடுத்துப் பார்த்தேன். 1914 முதல் 1918 வரையிலான அத்தியாயத்தில், 'நிறுவனம் தன் கடமையைச் செய்தது' என்று எழுதிவைத்திருந்தேன். அதை அடித்துவிட்டு, தலைப்புப் பக்கத்தை வெட்டியதை எழுதினேன். யார் வெட்டச் சொன்னது என்பதையும். சாவி எங்கே தொங்கியது என்பதையும் கடைசியில் சேர்த்தேன். அது இனி அச்சாகப் போவதில்லை.

யாரும் பெயரைப் பற்றி எழுதவில்லை என்றேன். ஒருவர் எழுதியிருக்கிறார். லிங்கன்ஷயரிலிருந்து, ஏமஸ் திர்க்கெல் என்று பெயர். அவர் கடிதத்தை அப்படியே இத்துடன் வைக்கிறேன்:

"ஐயா, சங்கத்துல ஒரு புஸ்தகம் வந்துச்சு. முதல் பக்கத்தைத் திறந்தா எமில் ராப்னு போட்டிருக்கு. எனக்குக் கை கால் ஓடல. லட்லோ பக்கத்துல பெரிய வீட்டுத் தோட்டத்துல நானும் அவரும் நாலு வருஷம் ஒண்ணா வேலை பாத்தோம். 1915-ல போலீஸ்காரங்க வந்து அவரைக் கூட்டிக்கிட்டுப் போனப்போ நான் வேலியோரமா மம்பட்டியோட நின்னுக்கிட்டிருந்தேன். என்னைத் திரும்பிப் பாத்தாரு. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். ஒரு வார்த்தை, போயிட்டு வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. பேரு போட்டிருக்கிறதால அவர் இந்த ஊர்லதான் இருக்காருன்னு நெனைக்கிறேன். விலாசம் குடுத்தீங்கன்னா நானே எழுதுவேன். வர முடிஞ்சா வந்தும் பாப்பேன்."

இதற்கு நான் பதில் எழுதவில்லை. எழுத வேண்டியது நான் இல்லை என்று நினைக்கிறேன்.

லயனல் பாஸ்கோ

*

லட்லோ அருகே
6 ஆகஸ்ட் 1941

அன்புள்ள திரு. பாஸ்கோ,

உங்கள் கோபம் நியாயம்தான். அதைத் தணிக்க என்னிடம் எதுவும் இல்லை. என்னால் உங்கள் கம்பெனி போனது, அதைச் சுற்றி வளைத்துச் சொல்லமாட்டேன். மறுபடி கேட்டாலும் இதே பதில்தான். அந்த வரலாற்றைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

ஏமஸை எனக்கு நன்றாகத் தெரியும். செம்பட்டை முடி, கேரட்டை மண்ணோடு கடித்துத் தின்பான். அவனா எழுதியிருக்கிறான் என்று கடிதத்தை வைத்துக்கொண்டு சமையலறையிலேயே உட்கார்ந்து அழுதேன். எமில் இறந்த செய்தி வந்தபோது நான் இப்படி அழவில்லை. அவரைத் தெரிந்தவர்கள் யாருமே மிச்சம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவனுக்கு எழுதிவிட்டேன். நான்கு முறை தொடங்கினேன். முதலில் வந்ததெல்லாம் அழகான கடிதங்கள், எல்லாவற்றிலும் நான் நல்லவளாக இருந்தேன். கடைசியில் எழுதியது இதுதான். எமில் இந்த ஊரில் இல்லை, 1934-ல் உல்மில் இறந்துவிட்டார். இந்தப் புத்தகத்தை அவர் பார்க்கவில்லை. பெயர் போடப்பட்டதாக நான் சொன்ன பொய்யை நம்பிக்கொண்டே போய்விட்டார். நீ வேலியோரம் தலை குனிந்து நின்றாய், அதற்காக இத்தனை வருஷம் வருந்தியிருக்கிறாய். நான் வீட்டுக்குள் நின்றேன். போலீஸ்காரர் "சீக்கிரம் ஆகட்டும்" என்றபோது, எமிலின் பூட்ஸைத் தேடி நான்தான் எடுத்துக் கொடுத்தேன், அவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாதே என்று. ஆகவே உன்னை மன்னிக்கிற யோக்கியதை எனக்கு இல்லை, ஆனால் வந்து பார். தோட்டம் இன்னும் இருக்கிறது. சுவரோரம் அவர் கம்பியில் கட்டிப் படரவிட்ட பேரிக்காய் மரங்கள் இந்த வருஷம் காய்த்திருக்கின்றன.

அவனுக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். சங்கத்துப் பிரதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். மீதிப் பிரதிகளை இங்கே ரயிலில் அனுப்பிவிடுங்கள், கொட்டகையில் இடம் இருக்கிறது, நானே தபாலில் அனுப்பிக்கொள்கிறேன். உங்களுக்கும் அந்தப் புது மேஜையிலிருந்து ஒரு நாள் விடுமுறை கிடைத்தால் வாருங்கள். இனி எனக்கு எழுதும்போது உறையின் மேல் கீழே இருக்கும் பெயரைப் போடுங்கள். தபால்காரரிடம் சொல்லிவைத்துவிட்டேன்.

ஆலிவ் ராப்